வாட்ஸ்அப், அரட்டை, பட்டன் போன்: எல்லாருக்கும் ஒரே செய்தி போக எந்த வழி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டி, திருமங்கலம், காரியாபட்டிப் பக்கமிருந்து 60 விவசாயிகள் பூ அனுப்புகிறார்கள். அதில் 40 பேர் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள், 15 பேரிடம் பட்டன் போன்தான், மிச்சம் ஐந்து பேர் ஸோஹோவின் அரட்டை ஆப்புக்கு மாறியவர்கள். வெளியூர் வியாபாரி ஒருவர் டெலிகிராமில் மட்டும் பதில் சொல்வார். ஏற்றுமதிக்காரருக்கு சிக்னல் ஆப்தான் வேண்டும். விடிகாலையில் விலை முடிவானதும் கணக்குப்பிள்ளை அதே விலையை ஐந்து இடத்தில் தட்ட வேண்டியிருக்கிறது. ஐந்தில் ஒன்றில் 900 என்பது 90 ஆகிவிட்டால் அன்றைய பொழுது சண்டையிலேயே போய்விடும்.

விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைக்கும் கப்பலூர் சிட்கோவில் லேத் வைத்திருப்பவருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆள் எண்ணிக்கையும் ஆப்களும் மாறும், கேள்வி மாறாது. எல்லாரையும் ஒரே ஆப்புக்குள் இழுப்பதா, ஆப்களை இணைக்க ஏதாவது செய்வதா?

ஏன் ஒன்றோடொன்று பேசுவதில்லை

ஜிபேயிலிருந்து போன்பேக்குப் பணம் போகிறது. நடுவில் 2016 முதல் யுபிஐ இருக்கிறது. ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போவதும் அப்படித்தான், பொது நெறிமுறை (புரோட்டோகால்) ஒன்று இருப்பதால். மெசேஜ் ஆப்களுக்கு அப்படிப் பொதுவாக ஒன்று இந்தியாவில் நடைமுறையில் இல்லை. அரட்டையை உருவாக்கிய ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, மெசேஜ் ஆப்களும் யுபிஐ, மெயில் போலத் திறந்திருக்க வேண்டும் என்று 2025-ல் சொன்னார். ஆனால் இன்று அரட்டையிலிருந்து வாட்ஸ்அப் நம்பருக்குச் செய்தி அனுப்ப முடியாது.

தொழில்நுட்பம் இல்லாததால் நின்ற காரியம் இல்லை இது. எக்ஸ்எம்பிபி என்ற நெறிமுறை 1999-ல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கியது. 2006-ல் கூகுள் டாக் வெளி சர்வர்களோடு பேசியது. ஃபேஸ்புக் சாட்டுக்கு 2010-ல் எக்ஸ்எம்பிபி வாசல் ஒன்று வைத்தார்கள், 2015-ல் அதை மூடினார்கள். கூகுளும் ஹேங்அவுட்ஸுக்கு மாறியபோது கதவைச் சாத்திவிட்டது. வாட்ஸ்அப்பின் உள்ளேயே ஓடியது எக்ஸ்எம்பிபியைக் கொஞ்சம் வெட்டி ஒட்டிய வடிவம்தான். ஆள் சேர்ந்த பிறகு வாசலைத் திறந்து வைப்பதில் கம்பெனிக்கு லாபம் இல்லை.

அதற்காக முழுப் பழியையும் கம்பெனிகள் மேல் போட்டுவிடவும் முடியாது. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த செய்தியில் பூட்டும் சாவியும் அந்தந்த ஆப்புக்குள்ளேயே இருக்கின்றன. இரண்டு கம்பெனி ஆப்கள் பேச வேண்டுமென்றால் இருவரும் ஒரே பூட்டை ஏற்க வேண்டும், ‘இந்த நம்பர்காரர் இவர்தான்’ என்று ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பவும் வேண்டும்.

ஐரோப்பாவில் சட்டம் போட்டுத்தான் இது நகர்ந்தது. அங்குள்ள டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் 2024 மார்ச் முதல் வெளி ஆப்களுக்கு வழிவிட வேண்டும். முதலில் தனிநபர் செய்தியும் படமும் கோப்பும், பிறகு குரூப், கடைசியில்தான் அழைப்பு. 2025 நவம்பரில் பேர்டிசாட், ஹைகெட் என்ற இரண்டு சின்ன ஆப்களோடு வாட்ஸ்அப் அதைத் தொடங்கியது. ஐரோப்பியப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த வசதி. அதை நம்பி மதுரைக் கடை காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எல்லாரையும் வாட்ஸ்அப்புக்கு இழுப்பது

செலவில்லாத வழி இதுதான். அரட்டைக்கு மாறினேன் என்பவர்களில் வாட்ஸ்அப்பை அழித்துவிட்டவர் அபூர்வம், அதனால் அந்த ஐந்து பேர் பெரும்பாலும் இங்கேயும் கிடைப்பார்கள். குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். விலை நிலவரத்துக்கு வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று: குரூப் அமைப்பில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் மல்லி விலை காணாமல் போகும்.

குரூப் போட்டால் ஒரு விவசாயியின் நம்பர் இன்னொருவருக்குத் தெரியும், போட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்தால் மொத்தப் பட்டியலையும் எடுத்துக்கொள்வார். அதைத் தவிர்க்கத்தான் பிராட்காஸ்ட் லிஸ்ட். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது. ‘போகவில்லை’ என்று உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது, உங்கள் பக்கம் ஒற்றை டிக் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். புதிதாக ஒரு விவசாயி வந்தால் முதல் நாள் துண்டுச் சீட்டு எழுதும்போதே அவர் போனை வாங்கி நம்பரைச் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். வேறு எந்தத் தந்திரமும் இதற்கு ஈடாகாது.

பட்டன் போன்காரர்கள் 15 பேர் இந்த வழியில் வெளியே நிற்பார்கள் என்பது தெரிந்ததே.

அரட்டைக்கு இழுப்பது

2021 ஜனவரியில் வந்த ஆப், 2025 செப்டம்பர் அலையில்தான் ஊரெல்லாம் பேசப்பட்டது. வாட்ஸ்அப் பழைய உரையாடலைக் கொண்டுவரும் வசதி இதில் உண்டு. வாட்ஸ்அப்பில் அந்தச் சாட்டைத் திறந்து ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, பகிரும் பட்டியலில் அரட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு சாட்டாகத்தான் செய்ய முடியும். படங்களோடு எடுத்தால் அண்மைச் செய்திகள் ஓரளவுக்கு மட்டும் வரும், பழையவை வெட்டுப்படும், ஆகவே கணக்கு வழக்குக்கு வேண்டிய சாட்டைப் படமில்லாமலும் ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது. டெலிகிராமும் 2021 முதல் இதே வழியில் வாங்கிக்கொள்கிறது.

இப்படிக் கொண்டுவருவதை இணைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய செய்தியின் நகல் வந்து சேரும், அந்த ஆள் வரமாட்டார். அரட்டையை நம்மூர் ஆப் என்ற வெறும் பற்றுக்காக எல்லோர் மேலும் திணிப்பதைவிட, கடைக்குள் வேலை செய்யும் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் உள் குரூப்பாக வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வெளியாளை மாற்றுவது உங்கள் கையில் இல்லை.

எஸ்எம்எஸ்: எந்தப் போனுக்கும் போவது

எந்தக் கம்பெனி சிம் ஆனாலும், எந்தப் போன் ஆனாலும் போய்ச் சேரும் மெசேஜ் இன்றுவரை இது ஒன்றுதான். டேட்டா வேண்டாம், ஆப் வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நெட் திணறும்போதும் ஒரு எஸ்எம்எஸ் எப்படியாவது நுழைந்துவிடும்.

ஆனால் தமிழில் அனுப்பும்போது ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 70 தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், ஒவ்வொரு துண்டிலும் 67. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி எழுத்தாகவே எண்ணப்படும். ‘மல்லி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, போனுக்கு ம, ல, புள்ளி, ல, இகரக் குறி என்று ஐந்து.

இந்தச் செய்தியைப் பாருங்கள்: ‘இன்று மல்லி கிலோ 900, பிச்சி 500, முல்லை 450. நாளை காலை 4 மணிக்குள் பூ வரணும்.’ எண்ணினால் 78. இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும். பெரும்பாலான ரீசார்ஜ் திட்டங்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் கிடைக்கும். 60 பேருக்கு இரண்டு இரண்டாக அனுப்பினால் 120 ஆகும், ஐம்பதாவது ஆளோடு தீர்ந்துபோகும், கடைசிப் பத்துப் பேருக்குப் போகாது. எப்போதும் பட்டியலின் கடைசியில் இருக்கும் அதே பத்துப் பேர்தான் ‘எனக்கு மட்டும் விலை சொல்வதில்லை’ என்று கோபித்துக்கொள்வார்கள். கடைசிச் சொல்லான ‘வரணும்’ என்பதையும் முற்றுப்புள்ளியையும் எடுத்துவிட்டால் சரியாக 70, ஒரே எஸ்எம்எஸ்ஸில் முடியும். பொருளும் கெடவில்லை.

பட்டன் போன்காரர் 15 பேருக்கு மட்டும் அனுப்புவதென்றால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஆனால் பழைய போன் சிலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர்களுக்கு ‘மல்லி 900’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் வழி. படிக்கத் தெரியாதவர் என்றால் போன் போட்டுச் சொல்வதற்கு மாற்று எதுவும் இல்லை.

சொந்த சிம்மிலிருந்து நூற்றுக்கணக்கான பேருக்கு விளம்பரச் செய்தி அனுப்பினால் புகார் எழுந்து இணைப்பே துண்டிக்கப்படலாம். மொத்தமாக அனுப்ப வேண்டுமென்றால் டிஎல்டி என்ற வணிகச் செய்திப் பதிவு தேவை. கம்பெனியைப் பதிவு செய்து, அனுப்புநர் பெயரைப் பதிவு செய்து, செய்தியின் வார்ப்புக்கும் (டெம்ப்ளேட்) முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். தினம் மாறும் விலையை வார்ப்பில் காலியிடமாக விட்டு எழுத வேண்டும். வார்ப்பில் இருக்கும் ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்தச் செய்தி வழியிலேயே நின்றுவிடும். இருநூறு பேருக்குக் கீழே இருக்கும் கடைக்கு இவ்வளவு மெனக்கெடல் அதிகம்.

எஸ்எம்எஸ்ஸின் வாரிசு என்று சொல்லப்படும் ஆர்சிஎஸ் ஆண்ட்ராய்டு போன்களின் மெசேஜஸ் ஆப்பில் இருக்கிறது, ஐபோனுக்கு ஐஓஎஸ் 18-ல் வந்தது. எதிர்ப்பக்கம் ஆர்சிஎஸ் இல்லையென்றால் அது எஸ்எம்எஸ்ஸாகவே போகும், அப்போது மேலே சொன்ன 70 எழுத்துக் கணக்கு திரும்ப வந்துவிடும். விளம்பரத் தொல்லை தாங்காமல் கூகுளே 2022-ல் இந்தியாவில் ஆர்சிஎஸ் விளம்பரங்களை நிறுத்தி வைத்தது. இப்போதைக்கு இதைத் தனி வழியாக எண்ண வேண்டாம், வந்தால் வரவு.

பாலம் கட்டுவது

உண்மையான ‘எல்லாம் ஒரே இடத்தில்’ என்பது மேட்ரிக்ஸ் வழி. 2014-ல் தொடங்கிய திறந்த நெறிமுறை. உங்கள் பெயரில் ஒரு சர்வர், அதில் சினாப்ஸ் என்ற மென்பொருள், போனில் எலிமென்ட் ஆப். சர்வரின் ஓரத்தில் வாட்ஸ்அப்புக்கு ஒரு பாலம் (இரு பக்கமும் செய்தியைக் கடத்தும் மென்பொருள்), டெலிகிராமுக்கு ஒன்று, சிக்னலுக்கு ஒன்று என்று ஓட்டுவார்கள். mautrix வரிசைப் பாலங்கள் என்று தேடினால் கிடைக்கும். கூகுள் மெசேஜஸ் பாலம் வழியாகப் போனின் எஸ்எம்எஸ்ஸும் உள்ளே வந்துவிடும். கணக்குப்பிள்ளை எலிமென்ட் ஒன்றைத் திறந்தால் நான்கு ஆப்பின் செய்தியும் அதில் கிடக்கும். அந்த வரிசையில் அரட்டை இல்லை.

செய்முறை கேட்கும்போது எளிது. 2 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வர், ஒரு டொமைன், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். சினாப்ஸோடு வரும் எஸ்க்யூலைட்டில் தொடங்கிவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று விடாதீர்கள், நாலு பாலம் ஓடும்போது மாற்றுவது தலைவலி. சர்வர் பெயரைப் பின்னால் மாற்றவே முடியாது, ஆகவே முதல் நாளே யோசித்து வையுங்கள். பாலத்தை நிறுவியதும் அது ஒரு பதிவுக் கோப்பை உருவாக்கும், அந்தக் கோப்பின் பாதையை சினாப்ஸின் அமைப்புக் கோப்பில் எழுதி சினாப்ஸை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். பிறகு எலிமென்டில் பாலத்தின் பாட் (தானே பதில் சொல்லும் கணக்கு) ஒன்றுக்கு உள்நுழைவுக் கட்டளை அனுப்பினால் க்யூஆர் படம் வரும். கடைப் போனில் ‘இணைத்த சாதனங்கள்’ போய் அதை ஸ்கேன் செய்தால் முடிந்தது.

முதலில் எங்கே உடையும் என்றால் முகவரியில். மென்பொருள்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் டாக்கரில் ஓட்டுபவர்கள் பாலத்தின் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிடுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் சினாப்ஸுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் தான்தான், பக்கத்துப் பெட்டி அல்ல. பாட் பதிலே சொல்லாமல் ஊமையாக இருக்கும். கண்டெய்னரின் பெயரை முகவரியாகக் கொடுத்தால் சரியாகும். அடுத்தது, கோப்பைப் படிக்க சினாப்ஸுக்கு அனுமதி இல்லாமல் இருப்பது. மூன்றாவது கொஞ்ச நாள் கழித்து வரும்: விவசாயிகள் அனுப்பும் பூப் படமும் வீடியோவும் டிஸ்க்கை நிரப்பி தரவுத்தளம் நின்றுவிடும். பழைய மீடியாவைக் கழிக்கும் அமைப்பை முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும்.

டெலிகிராம் பாலம் நிம்மதியானது. அவர்களே வெளி ஆப்புகளுக்கு முறையான வழி தருகிறார்கள், தளத்தில் பதிந்து ஒரு எண்ணும் ஒரு சாவியும் வாங்கிப் போட்டால் போதும். வாட்ஸ்அப் பாலம் அப்படியில்லை. வாட்ஸ்அப் வெப் போல நடித்துத்தான் அது உள்ளே போகிறது. கம்பெனி அதை ஏற்றுக்கொண்டதல்ல, கணக்கைத் தடை செய்யும் உரிமை அவர்களிடம் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஐமெசேஜுக்குள் இப்படி நுழைந்த பீப்பர் மினி என்ற ஆப்பை ஆப்பிள் சில நாட்களிலேயே வெளியே தள்ளியது. அதனால் கடையின் பலகையில் எழுதியிருக்கும் நம்பரை ஒருபோதும் பாலத்தில் போடக் கூடாது. தனி சிம், தனிக் கணக்கு.

போன் 14 நாள் நெட்டில் இல்லையென்றால் இணைத்த சாதனங்கள் தானே கழன்றுகொள்ளும், பாலமும் சேர்ந்து போகும். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. 2025 நவம்பர் 28-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை, மெசேஜ் ஆப்கள் பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் ஓட வேண்டும், வெப் இணைப்பு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டது. பாலம் நிற்பதே அந்த வெப் இணைப்பில்தான். 6 மணி நேர விதி அமலாகும் ஆப்பில் நாளுக்கு நாலு முறை க்யூஆர் ஸ்கேன் செய்ய வேண்டிவரும், அதில் ஒன்று நடுச்சாமத்தில் வரும். பணம் போடுவதற்கு முன், சாதாரண வாட்ஸ்அப் வெப்பைக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு வாரம் திறந்து வைத்து எத்தனை முறை வெளியேறுகிறது என்று பாருங்கள். அதுவே பதில்.

மறையாக்கமும் கவனிக்க வேண்டியது. வாட்ஸ்அப்பில் இரு முனைக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாது. பாலத்தில் பூட்டைத் திறந்து, செய்தியை மாற்றி, மறுபடி பூட்டுகிறார்கள். அந்த நொடியில் செய்தி உங்கள் சர்வரில் பச்சையாக இருக்கும். சிக்னல் வேண்டும் என்று கேட்கும் ஏற்றுமதிக்காரருக்கு இதைச் சொல்லாமல் பாலத்தில் சேர்ப்பது நியாயமில்லை. அழைப்புகள் பாலத்தைத் தாண்டாது. ஒருமுறை பார்க்கும் படமும் வராது. பாலத்தில் தன் கணக்கை இணைக்காதவர் மேட்ரிக்ஸிலிருந்து குரூப்புக்கு எழுதினால், அதற்கு அமைத்திருக்கும் பட்சத்தில் அது பாலத்துக் கணக்கின் பெயரில், முன்னால் அவர் பெயரை ஒட்டிக்கொண்டு போகும், ‘இது யார் எழுதியது’ என்று எதிர்ப்பக்கம் குழம்பும். ஒரே குரூப்பில் இரண்டு பாலத்தை மாட்டிவிட்டால் ஒன்று அனுப்பியதை மற்றது திருப்பி அனுப்பி, ஒரு விலை நூறு முறை ஓடும்.

சர்வர் பார்க்க ஆள் இல்லாமல் இதே வசதி வேண்டுமென்றால் பீப்பர் ஆப் இருக்கிறது. 2024-ல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது, 2025 ஜூலைக்குப் பிறகு பல பாலங்களைப் போனுக்குள்ளேயே ஓட்டுகிறார்கள். வெப் இணைப்புச் சிக்கல் அதற்கும் பொருந்தும்.

அதிகாரபூர்வ ஏபிஐ

வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ என்பது, உங்கள் நிரல் நேரடியாகச் செய்தி அனுப்ப, கம்பெனியே காசு வாங்கிக்கொண்டு திறக்கும் வாசல். பாலத்தைப் போல நுழைந்ததற்காகத் தடை வரும் பயம் இல்லை. 2025 ஜூலை முதல் வார்ப்புச் செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம், விளம்பரம் ஒரு விலை, தகவல் ஒரு விலை. வாடிக்கையாளர் உங்களுக்கு எழுதினால் அடுத்த 24 மணி நேரம் வார்ப்பு இல்லாமல் சும்மா பேசலாம். பூக்கடை நடைமுறைக்கு இது நன்றாகவே பொருந்தும். விவசாயி முதல் நாள் ‘விலை’ என்று ஒரு சொல் அனுப்பிவிட்டால் மறுநாள் காலை பதில் இலவச நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் அதை அவருக்குப் பழக்க வேண்டும், நிரல் எழுதிக் கொடுக்க ஆளும் வேண்டும். முந்நூறு, நானூறு பேருக்கு மேல் உள்ள கடைக்கு இந்த வழி. அறுபது பேருக்கு இல்லை.

அறுபது பேர் கடைக்கு

பாலம் வேண்டாம். அட்மின் மட்டும் எழுதும் வாட்ஸ்அப் குரூப் ஒன்று போதும், நம்பர் வெளியே போவது பிடிக்கவில்லையென்றால் அதற்குப் பதில் பிராட்காஸ்ட். பட்டன் போன் 15 பேருக்கு 70 எழுத்துக்குள் எஸ்எம்எஸ். டெலிகிராம் வியாபாரிக்கும் சிக்னல்காரருக்கும் கையால் அனுப்புவதுதான். இரண்டு பேருக்காக சர்வர் வாடகை கட்டுவது ஈயை அடிக்க உலக்கை எடுப்பது. தப்பு நேராமல் இருக்க, செய்தியை ஒருமுறை மட்டும் தட்டி, எங்கேயும் மறுபடி தட்டாமல் நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தைக் கணக்குப்பிள்ளைக்குக் கொண்டுவாருங்கள். 900 என்பது 90 ஆகும் தவறு அதோடு பெரும்பாலும் நிற்கும்.

வெவ்வேறு ஊரில் கிளை, வெவ்வேறு ஆப்பில் வாடிக்கையாளர், சர்வர் பார்க்கத் தெரிந்த ஒரு பையன் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் மேட்ரிக்ஸ் அர்த்தமுள்ளது. அங்கேயும் முதலில் டெலிகிராம் பாலம் மட்டும் ஒரு மாதம் ஓடட்டும், பிறகு தனி சிம்மில் வாட்ஸ்அப். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். பயன்படுத்தாத சிம் என்று ரீசார்ஜ் விட்டுப்போய், நம்பர் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டு, அந்தக் கணக்கை அவர் தன் போனில் பதிந்துகொண்டால் பாலம் அறுந்து, கணக்கும் அவர் கைக்குப் போய்விடும்.